எழுந்தருளிய கற்கள்

வரைபடம் வரைந்தவர் டீ டம்ளரை வைத்ததில் வட்டமாக அழிந்துபோன இடத்தில், செங்குத்தூர் என்றொரு நாடு இருந்தது. நாட்டின் நடுவே ஒரு மலை. மலை விளிம்பில் பாதி இடிந்த ஒரு கோட்டை. அதை யார் கட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே தங்கள் பாட்டனார்தான் கட்டினார் என்று எல்லா மன்னர்களும் உறுதியாகச் சொன்னார்கள்.

செங்குத்தூரில் மன்னரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். பெரியமகுடர் நின்றால், "கோட்டையைத் திரும்பக் கட்டுவேன்" என்பார். நெடுங்கொடியார் நின்றால், "கோட்டையை இடிந்தபடியே காப்பேன்" என்பார். இரண்டுக்கும் மக்கள் கைதட்டினார்கள். இந்தக் கதையைச் சொல்பவனும் தட்டியவன்தான். சும்மா இருக்கும் கை வேறென்ன செய்யும்?

ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கோட்டைக்குள் முன்னோரின் பொற்சிம்மாசனம் இருக்கிறது. பொதுமக்களின் கண் பட்டால் அது கறுத்துவிடும். ஆகவே கோட்டைக் கதவுக்கு அரண்மனை வைத்த முத்திரை தலைமுறை தலைமுறையாக அப்படியே இருந்தது.

உள்ளே போக முடியாவிட்டாலும் வெளிச்சுவர் மக்களுடையதாக இருந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு கூடை சாந்து கொண்டு மலையேறுவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்து. அந்த ஆண்டின் விரிசல்களை அடைத்துவிட்டு, அங்கேயே புளிச்சோறு தின்று, யார் வீட்டுப் பூச்சு முதலில் உதிரும் என்று கேலி பேசிக்கொண்டு இறங்குவார்கள். அதற்குப் பூச்சு நாள் என்று பெயர். யாரும் ஆணையிடாததால் அது ஒழுங்காக நடந்துவந்தது.

இது அப்போது மன்னராக இருந்த பெரியமகுடரின் கண்ணில் பட்டது. முதல் ஆணை பிறந்தது: விரிசலை அடைப்பது, விரிசல் இருப்பதாக ஒப்புக்கொள்வதாகும். ஒப்புக்கொள்வது கோட்டைக்கு அவமதிப்பு. பூச்சு நாள் ரத்து.

இரண்டாவது மழையில், மேற்குச் சுவருக்கு நேர் கீழே இருந்த காத்தாயியின் மாட்டுக் கொட்டகைமேல் ஒரு பெருங்கல் வந்து விழுந்தது. கோட்டைப் பெருமைத் துறை அமைச்சர் கீர்த்திவாகனர் மேளதாளத்தோடும் ஒரு மாலையோடும் நேரில் வந்தார்.

"ஐயா, கல்லு விழுந்துருச்சுங்க" என்றான் காத்தாயியின் கணவன் மருதப்பன்.

"விழவில்லை. எழுந்தருளியிருக்கிறது" என்றார் அமைச்சர். "கோட்டை தன் குடிகளைத் தேடி இறங்கி வருகிறது. எந்த நாட்டில் நடக்கும் இது?"

"மாடு செத்துப்போச்சுங்களே."

"கொடுத்து வைத்த மாடு."

அமைச்சர் கல்லுக்கு மாலை போட்டார். எழுந்தருளிய கல்லை நகர்த்தக் கூடாது என்பது இரண்டாவது ஆணை. பயந்து ஓடியவர்களின் வீடுகள் கோட்டைக்கே சொந்தம் என்பது மூன்றாவது.

மருதப்பன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கீழ்நாட்டில் இருந்த தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினான். "நீயும் வந்துரு புள்ள" என்றான்.

"நான் வந்தா வீடு போயிரும். நீங்க இங்க இருந்தா உசுரு போயிரும்" என்றாள் காத்தாயி. "சுவரு அடைபடுற வரைக்கும் ஆளுக்கொரு பக்கமா இருப்போம். என்ன, ஒரு மழைக்காலம்தானே?"

நான்கு மழைக்காலம் போனது. வெள்ளிக்கிழமைதோறும் அவள் நான்கு பாய்களை வெயிலில் உதறிக் காயவைத்து, மூன்றைச் சுருட்டிப் பரணில் வைத்தாள். சோறு வடிக்கும்போது அளவு தவறாமல் தவறியது. மிஞ்சியதைக் கல்லுக்குப் படைப்பதாக அக்கம்பக்கம் நினைத்தது. ஆணைக்கு இப்படிக் கட்டுப்பட்டு நடப்பவள் உண்டா என்று கீர்த்திவாகனர் அவளுக்கு ஒரு பாராட்டுச் சுருளும் அனுப்பினார். மேற்குச் சுவரின் விரிசலோ, கை நுழையும் அளவிலிருந்து ஆள் நுழையும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

அடுத்து வந்த தேர்தலில் இருவருக்கும் சமமாக வாக்கு விழுந்தது. பெரியமகுடரும் நெடுங்கொடியாரும் மூன்று நாள் தனியாகப் பேசினார்கள். நான்காம் நாள் வெளியே வந்து, கண்ணீர் மல்க அறிவித்தார்கள்: இனி கோட்டையே மன்னர். தாங்கள் இருவரும் அதன் எளிய ஊழியர்கள். வரி, சிறை, படை போன்ற சில்லறை வேலைகளை மட்டும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். கல் எழுந்தருளுவது பற்றிய குறைகளை மன்னரிடமே முறையிடலாம்.

குறை கேட்க ஆள் இல்லாமல் செய்துவிட்டதில் இருவருக்கும் நல்ல தூக்கம் வந்தது.

மறுநாள் காலை காத்தாயி அமைச்சரின் வாசலில் நின்றாள். இடுப்பில் சாந்துக் கூடை.

"மன்னரைப் பாக்கணுங்க."

"எந்த மன்னரை?"

"நீங்க சொன்னவரைத்தான். பழைய சட்டம் ஒண்ணு இருக்காமே? குடி எவனும் வருசத்துல ஒரு தரம் மன்னரை நேர்ல பாக்கலாம், வெறுங்கையோட போகக் கூடாது, வழியில யாரும் மறிக்கக் கூடாதுன்னு."

கீர்த்திவாகனர் சட்டத்தைப் புரட்டினார். இருந்தது. "மன்னர் தற்சமயம் ஓய்வில் இருக்கிறார்" என்றார்.

"எந்திரிக்கட்டும். நான் இருக்கேன்."

"கையில் என்ன?"

"காணிக்கை."

"சாந்து போலிருக்கிறதே!"

"மன்னருக்கு உடம்பு வெடிச்சிருக்குங்க. பூவை வச்சா ஆறுமா?"

மறுத்தால் கோட்டை மன்னரல்ல என்றாகிவிடும். மன்னரல்ல என்றால் கல்லுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். அமைச்சர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டார். அவள் பின்னால் முப்பது கூடைகள், பிறகு முந்நூறு. அத்தனை பேரும் மன்னரைப் பார்க்கத்தான்.

விரிசலை வெளியிலிருந்து அடைக்க முடியவில்லை; வைத்த சாந்து உள்பக்கமாகச் சரிந்தது. "உள்ள ஒரு ஆள் நின்னு தாங்கணும்" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி பக்கவாட்டில் திரும்பி, மூச்சை அடக்கி, விரிசலுக்குள் நுழைந்தாள்.

"மன்னர் என்ன அருளினார்?" என்று கீழிருந்து மூச்சிரைக்க வந்த கீர்த்திவாகனர் சுவரில் வாயை வைத்துக் கேட்டார்.

"ஐயா, இங்க மன்னர்னு யாரும் இருந்த மாதிரி தெரியலீங்க."

"சிம்மாசனம்? பொற்சிம்மாசனம்?"

"அடுப்புதான் இருக்கு. வரிசையா, எண்ணி முடியாது. தண்ணித் தொட்டி இருக்கு. மேல பூராவும் தொட்டில் கட்டுற வளையம்." அவள் குரல் சற்று நகர்ந்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. "கதவுக்கு உள்பக்கமாத்தான் தாழ்ப்பாள். அம்பு விடுற ஓட்டை நெறைய இருக்கு. ஒவ்வொண்ணுலயும் கண்ணை வச்சுப் பாத்துட்டேன்."

"என்ன தெரிகிறது?"

"எல்லாத்துலயும் உங்க அரண்மனைதாங்க தெரியுது."

அமைச்சர் சுவரிலிருந்து வாயை எடுத்துக்கொண்டார்.

வெளியே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். சாயங்காலத்துக்குள் சுவர் உள்ளிருந்தே அடைபட்டது. கோட்டையிலிருந்து புகை எழுந்தது. அது மூடுபனி என்று அரண்மனை உடனே அறிவித்தது. மூடுபனியில் தாளிக்கும் வாசனை வருவதை ஆராய ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. படை அனுப்புவதா, பட்டாடை அனுப்புவதா என்று ஊழியர்கள் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இந்தக் கோட்டை நிற்குமா என்று என்னைக் கேட்டால், எனக்குக் கைதட்டத்தான் தெரியும்.

கீழ்நாட்டுக்கு ஆள் போய் மூன்று நாளாகிறது. "சுவர் அடைபட்டுருச்சு, வாங்க. வீட்டுக்கு இல்லை, நேரே மேலே வாங்க" என்று காத்தாயி சொல்லியனுப்பியிருக்கிறாள். அந்தச் சாலை தெரிகிற மாதிரி ஓர் ஓட்டைகூடக் கோட்டையில் இல்லை. அதனால் அவள் இடிந்த மதிலின்மேல் ஏறி நிற்கிறாள். தூரத்தில் யாராவது நடந்து வந்தால் கண்மேல் கை வைத்துப் பார்க்கிறாள். பிள்ளைகளை இடுப்பு உயரத்தில்தான் அவளுக்குத் தெரியும். இப்போது எந்த உயரத்தில் தேடுவது என்று தெரியாமல், வருகிற எல்லாரையும் பார்த்துக் கையசைக்கிறாள்.