கப்டன் வாரிக்கின் முன்கதை

“சீமோன் குடும்பம் ஏழு மணிக்கு முதல் வந்திடுவினமாம்,” என்று குசினிக்குள் இருந்து வேரோனிக்கா சொன்னதும் அவள் புருசன் அமிர்தநாதர் போனைக் கையில் எடுத்தார்.

ஊர்க் கூட்டாளி சீமோன் கனடாவில் பக்கத்து நகரான ஒஷாவாவுக்கு வந்து ஆறு மாதமாகிறது. ஆறு மாதமும் ஏதாவது சாட்டுச் சொல்லி அவன் வீட்டுக்கு வருவதைத் தள்ளிப்போட்டு வந்தார் அமிர்தநாதர். இளந்தாரி வயதில் ஊர்காவற்றுறைக் கடலில் வள்ளம் கவிழ்ந்தபோது, மயங்கிய சீமோனை முதுகில் சுமந்து ஒரு மைல் நீந்தியவர் அவர் என்பது அவரது அஜின்கோர்ட் வீட்டில் வேதவாக்கு. மகள் ஸ்டெபனி அதைக் கட்டுரையாக எழுதி, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கப்போகிறாள்.

உண்மையில் அங்கே தண்ணீர் இடுப்பளவுதான். இருவரும் வள்ளத்தைக் கட்டிப்பிடித்துக் குழற, பக்கத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்த மனுசி ஒருத்தி நடந்து வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

“ஸ்டெபனிக்குக் காய்ச்சல் எண்டு போன் பண்ணவோ?”

“அவை வெளிக்கிட்டிட்டினம். நீங்கள் உடுப்பை மாத்துங்கோ.”

சீமோன் வந்தான். கூட வந்த மனைவி அன்ரனெற் அதிகம் பேசாத பெண். ரோல்ஸ் தட்டோடு சோபா மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அங்கிள், அப்பா எப்பவும் உங்கட கதைதான். அந்த போட் ஸ்ரோறி...” என்று தொடங்கினாள் ஸ்டெபனி.

“கப்டன் தொடங்கியிருக்கும்,” என்று பாய்ந்து விழுந்து ரீவியைப் போட்டார் அமிர்தநாதர்.

இனிப் பார்ப்பதில்லை என்று அவர் சத்தியம் செய்திருந்த தொடர் அது. கனடா வந்த புதிதில் அவருக்கு ஆங்கிலம் படிப்பித்ததே பழைய விண்கப்பல் தொடரும், அதில் எதற்கும் அஞ்சாத கப்டன் வாரிக்கும்தான். அதன் முன்கதை வரப்போகிறது என்று ஐந்து வருடம் காத்திருந்தார். இந்தத் தொண்ணூற்றேழில்தான் ஒருவழியாக வந்தது. வந்த கப்டனோ, இருபது வயதில் சாமான் அறைக்குள் ஒளிந்திருந்து அழுகிறான். மனுசனுக்கு மனம் விட்டுப்போயிற்று. “வீரனெண்டால் பிறந்ததிலையிருந்து வீரன்,” என்று ஒரு மாதமாக வீடு முழுக்கக் கத்தித் திரிந்தார்.

இன்றும் கப்டன் அழுதான்.

“கப்பலைக் காப்பாத்தினது அந்தச் சமையல்காரி, அங்கிள்,” என்று ஸ்டெபனி சீமோனுக்கு விளங்கப்படுத்தினாள். “கப்டனோ, தான் காப்பாத்தினதெண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறான்.”

அமிர்தநாதர் ரிமோட்டை எடுத்தார். சத்தத்தைக் கூட்டினார்.

“இன்னும் கூட்டு, மச்சான்,” என்றான் சீமோன்.

விளம்பரம் வந்தது. மகள் வாயைத் திறக்குமுன் அமிர்தநாதர் முந்திக்கொண்டார். “உதெல்லாம் ஒரு முன்கதையோ? பழைய கப்டன்ர மானத்தை வாங்கிப்போட்டாங்கள்.”

“அநியாயம்,” என்று சீமோன் அவரைவிடச் சூடானான். “ஒருத்தன் இளந்தாரி வயசில என்ன செய்தானெண்டு ஆர் கேட்டது? உதுகளைத் தோண்டப்படாது.”

“தோண்டவே படாது, மச்சான்.”

இப்படிப்பட்டவனையா இவ்வளவு நாளும் தள்ளிவைத்தோம் என்று அமிர்தநாதருக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்டெபனி எழுந்து ரீவியை நிறுத்தினாள். “ரெண்டு பேருக்கும் பிடிக்கேல்லை, பிறகேன் பாக்கிறியள்? சீமோன் அங்கிள், நாளைக்கு நான் வாசிக்கோணும். அண்டைக்குக் கடலில என்ன நடந்தது?”

“புட்டு ஆறுது,” என்று அமிர்தநாதர் எழும்பினார்.

அதே கணம் சீமோனும் எழும்பினான். “ஸ்னோ கொட்டப்போகுதாம். நாங்கள் வெளிக்கிடுவம்.”

“சாப்பிடாமலோ?” என்றாள் வேரோனிக்கா.

“கட்டித் தாங்கோ,” என்றான் அவன், அதற்குள் சப்பாத்தில் காலை விட்டபடி.

புட்டையும் கறியையும் அமிர்தநாதர் தானே ஓடி ஓடிக் கட்டிக் கொடுத்தார். மகள் முன்னால் மானம் தப்பியது. சீமோன் கதவைத் திறந்துவிட்டான்.

அன்ரனெற் மட்டும் நகரவில்லை. அமிர்தநாதரின் தொந்தியைப் பார்த்தாள், புருசனின் ஒடிசல் முதுகைப் பார்த்தாள்.

“குறை நினைக்காதேங்கோ, அண்ணை. உங்களை முதுகில காவிக்கொண்டு ஒரு மைல் நீந்தின கதையை இவர் பிள்ளையளுக்குச் சொல்லாத நாளில்லை. அப்ப நீங்கள் இவ்வளவு பாரமில்லைத்தானே?”