தும்மிய உடும்பு

பினாங்குத் தீவிலேயே கல்யாண மொய்க் கவரில் பென்டிரைவ் வைத்துக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் பிளாட்டின் கீழ்வீட்டுக்காரர்தான். கல்யாணத்துக்கு அவரே வரைந்த படமும், அதை யார் வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளும்படி மூலக் கோப்பும் அதில் இருந்தனவாம். பெண் வீட்டார் கவரைத் தடவிப் பார்த்து, மோதிரம் என்று நினைத்து அவருக்கு முதல் பந்தியில் இடம் போட்டார்கள். அன்றிலிருந்து அவர் பென்டிரைவ் தம்பி. தலை முழுக்க நரைத்தும் தம்பிதான்.

பகலில் கடலுக்கு அக்கரையில், பிறை ஊரில் தொழிற்சாலை வேலை. வீட்டுக்கு வந்தால் கணினியில் கார்ட்டூன். அதற்கான சாப்ட்வேர் எல்லாம் உலகத்தில் யார் யாரோ செய்து பொதுவில் விட்டவை. வேறு எதையும் தொடமாட்டார்.

"திருட்டு சாப்ட்வேர்ல சாமி படம் வரைஞ்சா சாமி ஏத்துக்குமா பாட்டி?" என்பார்.

"சும்மா கெடைக்கிற சாமான்ல ஏதாச்சும் கோளாறு இருக்கும் தம்பி."

"சும்மாங்கிறது பெருசில்ல பாட்டி. தொறந்து பாக்கலாம், மாத்தலாம், மத்தவங்களுக்கும் கொடுக்கலாம். அதான் விஷயம்."

இதே நியாயத்தை நாசி கண்டார் சோற்றுக் கடையிலும் பேசினார். மீன் குழம்பில் என்னென்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். கடைக்காரர் சொல்லவில்லை.

"அப்ப இது மூடி வச்ச குழம்பு. எனக்கு வேணாம்."

"தம்பி, சட்டி தொறந்துதான்லா இருக்கு. பின்னால வரிசை நிக்குது. வேணுமா, வேணாமா?"

பசி. "ஊத்துங்க" என்றார்.

அவருடைய பெரிய படம், பிளாட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங் சாக்கடையில் வாழும் உடும்புக் குடும்பத்தின் கதை. வருஷக்கணக்காக வரைந்தார். அம்மா உடும்புக்கு என் குரல்தான் வேண்டும் என்று வந்து நின்றார். எனக்குப் படிக்கத் தெரியாதே என்றேன்.

"படிக்க வேணாம் பாட்டி. மருமகன ஏசுவீங்கல்ல, அப்படிப் பேசுங்க."

குரல் சுத்தமாகப் பதியவேண்டும் என்று என்னை என் சேலை அலமாரிக்குள் உட்கார வைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் மருமகன் நல்லவன், அது வேறு கதை. ஆனாலும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பாச்சை உருண்டை வாடையில் ஒரு தும்மல் வந்தது. அதை வெட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ அதற்கென்றே உடும்பின் மூக்கைப் பெரிதாக வரைந்தார்.

ஆடி மாதம் படம் முடிந்தது. குரல் கொடுத்த எல்லோருக்கும் ஆளுக்கொரு பென்டிரைவ், முழுப் படத்தோடும் மூலக் கோப்புகளோடும். தீபாவளி வாரம் கீழே பொது மண்டபத்தில் திரையிடல் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் மழை கொட்டியது. அவர் பிறையில் வேலையில் இருந்தார். கீழ்வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கணினி, நகல் எடுத்து வைத்த டிஸ்க், இரண்டும் தரையோடு தரையாக மூழ்கிக் கிடந்தன. ஈரப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மாடியில் என் பக்கத்து வீட்டு மேரி அக்கா தன் கணினியைக் கொண்டுவந்து தந்தாள்.

"சாப்ட்வேர் எங்க வேணா கெடைக்கும்கா. படம்தான் போச்சு. நீங்க பேசினதுக்குக் கொடுத்தேனே, அது இருக்கா?"

மேரி அக்கா தலையைக் குனிந்தாள். "அதுல மாதா கோயில் பாட்டு ஏத்திட்டேன் தம்பி."

மற்றவர்களும் அப்படித்தான். ஒருவர் நாடகத் தொடர் ஏற்றியிருந்தார். இன்னொருவருடையது துணியோடு துவைபட்டிருந்தது.

நான் மாடியேறி என் வீட்டுக்குப் போய் என்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தேன். என் வீட்டில் கணினி ஏது? என் குரல் உள்ளே இருக்கிறதே என்று சாமி மேடையில் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் சாமி படங்களோடு அதற்கும் பொட்டு வைத்திருந்தேன். அதன் செருகும் வாயெல்லாம் குங்குமம் அப்பிக் கிடந்தது.

"என்ன பாட்டி இது?"

"நீ கொடுத்ததுதாம்பா. நான் தொறக்கவே இல்ல."

"தொறக்கத்தானே கொடுத்தேன்" என்றார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துச் செருகினார். நான் கும்பிட்டுக்கொண்டே நின்றேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு மேரி அக்கா வீட்டுக் கணினிக்குள் என் உடும்பு தும்மியது.

தண்ணீர் வடிந்தபின் மண்டபத்தில் படம் போட்டபோது அந்தத் தும்மலுக்குத்தான் எல்லோரும் கை தட்டினார்கள். என் மருமகனும் தட்டினான்.

மறுநாள் எனக்குப் புதுப் பென்டிரைவ் வந்தது, மூடி போட்டது.

"இதுக்குப் பொட்டு வைக்காதீங்க பாட்டி."

சரி என்றேன். இப்போது மூடியின் மேல்தான் வைக்கிறேன், அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்று.