நாலாவது டிஸ்க்குக்குக் காத்திருந்த அண்ணன்

திருப்பூர்க்காரர்கள் யாருக்காகவும் நிற்க மாட்டார்கள். இந்த ஊரில் காத்திருக்கத் தெரிந்த ஒரே மனிதரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்தான். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், டிப்ளமோ முடித்த கையோடு நான் சேர்ந்த பனியன் கம்பெனியில் சர்வர் அவர் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் ‘அட்டெண்டன்ஸ் அண்ணன்’.

எங்கள் சர்வரில் நான்கு ஹார்டு டிஸ்க். கட்டிங் பேட்டர்ன், ஆர்டர் அளவு எல்லாம், ஒன்றில் உள்ளதை மற்ற மூன்றிலிருந்து மீட்கும்படி நான்கிலும் பிரித்து எழுதியிருக்கும். ஒன்று காணாமல் போனாலும் மிச்சம் மூன்றை வைத்து ஒப்பேற்றலாம். ஊர் உலகமே அப்படித்தான் செய்கிறது. அண்ணன் மட்டும், நான்கும் வந்தால்தான் சர்வர் எழ வேண்டும் என்று அமைத்து வைத்திருந்தார். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரைமுன் நிற்பார். “ஒண்ணாவது ஆளு வந்துட்டான்... ரெண்டு... மூணாவது சோம்பேறிப்பய, வாரான் வாரான்...” நாலாவதும் வந்த பிறகுதான் டீ.

மெஸ்ஸிலும் இதே கூத்து. லீவு போட்டவனுக்காகக் காத்திருந்து எங்களுக்கு ரசம் ஆறிப்போகும்.

“மூணே போதுமேங்ணா, ஏன் இப்படி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எந்தம்பி கல்யாணத்துக்கு லீவு குடுக்கலலே. ஒருநாள் பொறுங்கன்னேன். முகூர்த்தம் நிக்காதுன்னு தாலியக் கட்டிட்டான். எல்லாம் நல்லா நடந்துச்சாம்.” ஸ்குரூடிரைவரைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. “நல்லா நடந்துச்சுங்கானுவ பாரு, அதான் கஷ்டம்.”

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியே ஏர்-கன் பிடித்துப் பஞ்சை ஊதி, ஓவர்லாக் தையல் மிஷின்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்தது. சர்வரைச் சாமி ரூமுக்குத் தூக்க முடியாது. அண்ணன் யோசித்தார். பிரதிநிதியாக நாலாவது டிஸ்க்கை மட்டும் உருவி, பொட்டு வைத்து, கத்தரிக்கோல்களுக்கு நடுவில் உட்கார வைத்தார். பொரியும் சுண்டலும் கைக்கு வந்ததும் அதை மறந்தார்.

லீவு முடிந்த காலை, சர்வர் மூன்று வரை எண்ணிவிட்டு நின்றது. சாமி ரூம் பூட்டியிருந்தது. சாவியோடு முதலாளி பழனிக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். கீழே கட்டிங் மேஜையில் சர்வரின் பேட்டர்னுக்காகத் துணி விரித்துக் கிடந்தது. அன்றைக்கு வெட்டாவிட்டால் ஆர்டர் கேன்சல்.

மேனேஜர் ஏறி வந்தார். கொங்குக்காரர், கோபத்திலும் மரியாதை குறையாது. “ஏனுங்க தம்பி, உங்களுக்குக் கிறுக்குங்களா? மூணு இருக்குதுல்லீங்க, எழுப்பி உடுங்க.”

“நாலாவது ஆளு சாமி ரூம்ல இருக்கான் சார்.”

“அவரு உங்களுக்குச் சொந்தமுங்களா?”

அண்ணன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரிங்க. வேற ஆள் வெச்சு எழுப்பிக்கறேனுங்க. நீங்க இன்னிக்கே ஊருக்குக் கெளம்பிக்கலாமுங்க.”

அவர் இல்லாமலே தம்பி கல்யாணம் நல்லபடி நடந்த ஊர் அது. அண்ணனின் கை மெதுவாகக் கீபோர்டுக்குப் போனது. மூன்றை வைத்தே ஆரம்பி என்னும் கட்டளை, ஒரே வரி. சர்வர் ஒரு முனகல்கூட இல்லாமல் எழுந்தது. கீழே கட்டிங் மிஷின் இரைந்தது.

“பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலீங்க.” தோளில் தட்டிவிட்டு மேனேஜர் இறங்கிப் போனார்.

“ஆமா, ஒண்ணும் ஆகல” என்றார் அண்ணன், காலியான நாலாவது இடத்தைப் பார்த்து.

சாயங்காலம் முதலாளி வந்து டிஸ்க்கை மீட்டார். அண்ணன் சந்தனத்தைத் துடைத்து மாட்டினார். இனி அந்த டிஸ்க், தான் இல்லாதபோது நடந்ததையெல்லாம் மற்ற மூன்றிடமிருந்து வாங்கி எழுதிக்கொள்ள வேண்டும். திரையில் சதவீதம் எறும்பாக ஊர்ந்தது. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அண்ணன் அசையவில்லை.

“விட்டுப்போனத ஒண்ணு விடாம சொல்லிக் குடுக்கானுவ பாருலே” என்றார். பிறகு, “தம்பி கல்யாண சிடி அனுப்பிருந்தான். நாந்தான் பாக்கல.”

“போடுங்ணா, பாக்கலாம்.”

மேஜை டிராயரிலிருந்து எடுத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டார். நான் ஒவ்வொரு முகமாக நிறுத்தி, இவர் யாருங்ணா, இந்தக்கா யாருங்ணா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவரையும் எனக்குத் தெரியாது. விட்டுப்போன ஒவ்வொருவரையும் அண்ணன் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.