வெக்ஸ்போர்ட் செனட்டரின் ஒரே வெற்றி

கூட்டங்களில் கேள்வி கேட்பதற்காக எழுகிறவர்கள் உண்டு. பதில் சொல்வதற்காக எழுகிறவர்களும் உண்டு. இங்கே சொல்லப்போவது எழுவதற்காகவே எழுகிறவரைப் பற்றி. "தலைவர் அவர்களே, ஒரு சின்ன விசயம்" என்று அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும், விசயம் சின்னதல்ல, தேநீர் ஆறப்போகிறது, வடை இறுகப்போகிறது, மண்டபத்துக் காவலாளி வந்து மணிக்கூட்டைப் பார்க்கப்போகிறார் என்று. நிரந்தர எதிர்க்கட்சிக்காரர். இவர் இல்லாத இடம் ஏது? கோயில் நிர்வாகசபையில் இருக்கிறார், பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறார், கலியாணத்துக்கு மண்டபம் பார்க்கும் குடும்பப் பேச்சில்கூட இருக்கிறார். ஆளுங்கட்சி எதுவென்று அவர் விசாரிப்பதில்லை. அது எதிரே இருந்தால் போதும்.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இந்த இனத்தைக் கட்டிக்காத்தவர் ஓய்வுபெற்ற தியாகலிங்கம். இயல்பாகவே வாய்த்த கலைதான். ஆனாலும் அதற்கு ஒரு மெருகு ஏறியது, மகள் நிலாணி மருத்துவம் படிக்க டப்ளினுக்குப் போன பிறகு. அந்த நாட்டில் மழை எப்படி, வீட்டு வாடகை எப்படி என்று இணையத்தில் துழாவிக்கொண்டிருந்தவர், தற்செயலாக அயர்லாந்து நாடாளுமன்ற மேற்சபையின் நேரலையில் போய் விழுந்தார். அங்கே எதிர்க்கட்சிச் செனட்டர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அமைச்சர் சபைக்கு வந்ததை மனமார வரவேற்பதாகத் தொடங்கி, அமைச்சரின் மசோதாவை விதி விதியாக உரித்து, தன் ஊரில் தபாலகம் மூடப்பட்டதையும் ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாததையும் கிராமத்துக்கு பஸ் வராததையும் அதே மசோதாவுக்குள் ஏற்றி இறக்கி, ஒரு திருத்தத்தையும் முன்மொழிந்து, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். தியாகலிங்கத்துக்கு மெய்சிலிர்த்தது. கடலுக்கு அந்தப் பக்கம் தன்னைப்போல ஒருத்தர்! அதுவும் சம்பளத்துக்கு!

டப்ளினில் மதியமாகும்போது இங்கே காலை. அன்றிலிருந்து தேநீரும் செனட்டருமாக அவருடைய பொழுது விடிந்தது. பேச்சு முடிந்து வாக்கெடுப்பு வரும் நேரத்தில் தேநீரும் முடிந்துவிடும். நேரலை ஓடும் ரப்லெட் திரையை மூடிவிடுவார்.

"வாக்கில என்ன கிடக்கு? பேச்சிலதான் சனநாயகம்," என்பார் மனைவி பாலேஸ்வரியிடம்.

அதன் பலனை அனுபவித்தது அவர்களுடைய தமிழ் மூத்தோர் கழகம். கோடைக்கால ஒன்றுகூடலுக்குக் கொத்துரொட்டி என்று தலைவர் ராகுலன் அறிவித்தால், "கொத்துரொட்டியை வரவேற்கிறன். ஆனால் இடியப்பம் தொடர்பாக நிர்வாகத்தின்ர நிலைப்பாடு என்ன?" என்று எழுவார். எல்லோரும் அவரைச் செனட்டர் அண்ணை என்றார்கள். அன்போடு பேசவிட்டார்கள். பிறகு தாங்கள் முன்பே நினைத்தபடி கையை உயர்த்தினார்கள். அவருடைய திருத்தங்கள் ஒன்று விடாமல் தோற்றன. அவரோ ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் முகம் மலர்ந்து வீடு போனார். தோல்வி அவருடைய உடம்புக்கு ஒத்துப்போயிருந்தது.

இப்படியிருக்க, ஒரு பனிக்காலக் காலையில் பாலேஸ்வரி வேலைக்குப் போக லோறன்ஸ் வீதியைக் கடந்தாள். பஸ் தரிப்பு எதிர்ப்பக்கம். வாகனங்களை நிறுத்திக் கடக்கவிடும் சமிக்ஞை விளக்கோ வெகுதூரத்தில். நடுவீதியில் வழுக்கி விழுந்தாள். சறுக்கிக்கொண்டு வந்த வான் வண்டி ஒன்று அவளுடைய கைப்பையின் மேல் ஏறி நின்றது. பையோடு போயிற்று.

அடுத்த கூட்டத்தில் தியாகலிங்கம் எழுந்தார். "அந்த இடத்தில ஒரு லைற் வேணும்," என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அவருடைய மிகச் சிறந்த பேச்சு அதுதான் என்று ராகுலன் பிற்பாடு சொன்னார்.

ராகுலன் சும்மா இருக்கவில்லை. வட்டாரக் கவுன்சிலரின் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். இலை துளிர்க்கும் காலத்தில் அங்கிருந்து சுபாங்கி என்ற இளம்பெண் கழகத்துக்கு வந்தாள்.

"ரெண்டு இடத்தில லைற் கேட்டிருக்கினம். இந்த வருசம் ஒண்டுக்குத்தான் ஏலும். உங்கட கழகம் இண்டைக்கு ஆதரவுத் தீர்மானம் எடுத்தால் இஞ்சதான் வரும். இல்லாட்டி மற்ற இடத்துக்குப் போயிடும்," என்றாள்.

ராகுலன் தீர்மானத்தை வாசித்தார். "இது செனட்டர் அண்ணையின்ர லைற்," என்று அவரைப் பார்த்துச் சிரித்தார். மண்டபம் கைதட்டியது.

தியாகலிங்கம் என்ன செய்திருக்க வேண்டும்? கும்பிட்டுவிட்டு வடையை எடுத்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய சங்கடத்தை யோசித்துப் பாருங்கள். அவருடைய கோரிக்கையையே ஆளுங்கட்சி தூக்கிக்கொண்டு வந்து நின்றால் எதிர்க்கட்சி எங்கே போய் நிற்பது? கால்கள் தாமாகவே எழுந்தன.

"தங்கச்சி சபைக்கு வந்ததை வரவேற்கிறன். லைற்றையும் வரவேற்கிறன். ஆனால் மூட்டுவருத்தக்காரர் கடக்கிற அளவுக்குப் பச்சை எரியுமோ எண்டு தீர்மானத்தில ஏன் இல்லை? வாகனங்கள் நிண்டு நிண்டு புகை விட்டால் எங்கட நெஞ்சுக்கு ஆர் பொறுப்பு? பனி தள்ளுற மெசின் லைற்றுக் கம்பத்தடியில மலைமாதிரிக் குவிச்சால் நாங்கள் ஏறியோ கடக்கிறது? இதை ஏன் இண்டைக்கே எடுக்க வேணும் எண்டு அவசரப்படுத்துறியள்?"

அன்று அவருக்குச் சரஸ்வதி நாவில் குடியிருந்தாள். வழக்கமாகக் கண்ணயரும் பின்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. விளக்கங்கள் வரும்வரை தீர்மானத்தை ஒத்திவைக்கவேண்டும் என்று திருத்தம் முன்மொழிந்தார். பழக்கதோசத்தில் தன் கையையும் உயர்த்தினார். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக எழுந்தன.

"எதிரானவர்கள்?" என்றார் ராகுலன். முன்வரிசையில் முதலில் எழுந்த கை பாலேஸ்வரியுடையது. அதைப் பின்பற்றியவர்கள் போதவில்லை.

திருத்தம் நிறைவேறியது.

யார் வென்றது என்று பார்ப்பவர்போல தியாகலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். சுபாங்கி பையை மூடிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நான் லைற் வேண்டாமெண்டு சொல்லேல்லையே?"

"இல்லை அங்கிள். நீங்கள் நல்லாத்தான் கதைச்சனீங்கள். அதுதான் எல்லாரும் நம்பிட்டினம்."

வீட்டுக்குப் போகும்போது பாலேஸ்வரி முன்னே நடந்தாள். "நான் வழமையாச் சொல்லுறதுதானே. இண்டைக்கு மட்டும் உவங்கள் ஏன் கேட்டவங்கள்?" என்று அவர் பின்னாலிருந்து முறையிட்டார். வீதியோரத்தில் வாகனங்கள் குறையட்டும் என்று நின்றபோது அவளுடைய கையைப் பிடித்தார்.

"விடுங்கோ. அங்க மேல போன கைதானே உது."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. காலையில் அவள் புறப்பட்டால் அவரும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின்னால் போனார். வீதியில் இறங்கிக் கையை நீட்டி வாகனங்களை மறித்தார். சாரதிகள் ஹோர்ன் அடித்தார்கள், சிலர் கண்ணாடியை இறக்கி ஏதேதோ சொன்னார்கள். ஒருத்தருக்கும் அவர் பதில் சொல்லவில்லை.

அவளுக்கு விடுமுறையான ஒரு காலை, அவள் தேநீர் போட்டுத் தராததால், பேச்சு முடிந்த பிறகும் ரப்லெட்டை மூட அவருக்குத் தோன்றவில்லை. வீதிப் பாதுகாப்பு மசோதா ஒன்றை டப்ளின் செனட்டர் கிழி கிழியென்று கிழித்திருந்தார். கடைசியில், இத்தனை குறைகள் இருந்தாலும் தன் கட்சி இதை ஆதரிக்கும் என்றார். மசோதா எதிர்ப்பின்றி நிறைவேறியது.

"துரோகி!" என்று கத்தினார் தியாகலிங்கம்.

"ஆர்?" குசினியிலிருந்து பல நாட்களுக்குப் பிறகு வந்த முதற் சொல்.

"செனட்டர்! இவ்வளவும் கதைச்சுப்போட்டுக் கடைசியில ஓம் எண்டிட்டான்!"

பாலேஸ்வரி வந்து எட்டிப் பார்த்தாள். "அந்த மனுசனுக்கும் வீட்டில ஒருத்தி இருப்பாள்," என்றாள்.

அன்று பின்னேரம் அவர் ராகுலனின் வீட்டுக் கதவைத் தட்டினார். தீர்மானத்தை மறுபடி எடுக்கச் சொன்னார்.

"என்ன அண்ணை, புதுத் திருத்தமோ?"

"இல்லை. ஆதரவு."

"அதோட?"

தியாகலிங்கம் வாயைத் திறந்தார். மூடினார். "அதோட ஒண்டுமில்லை."

அடுத்த கூட்டத்தில் அவர் நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி இருந்தார். வாக்கெடுப்பின்போது மட்டும் ஒன்றை விட்டார். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் இந்த வருடத்து விளக்கு ஏற்கெனவே மற்ற இடத்துக்குப் போய்விட்டது. அடுத்த வருடப் பட்டியலில் முதலிடம் தருவதாகச் சுபாங்கி சொன்னாள். அதுவரை காலையில் இருவரும் சேர்ந்தே கடக்கிறார்கள். இப்போது பாலேஸ்வரி அவருடைய கையைப் பிடித்துக்கொள்கிறாள். நடுவீதியில் அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

தியாகலிங்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள், நல்லது. நீங்கள் கடைசியாக ஒரு விசயத்துக்கு "ஓம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தியது எப்போது? வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் யோசிக்கத் தொடங்கினால், தயவுசெய்து குறுக்கே எழுந்து விளக்கம் கொடுக்காதீர்கள்.