இரண்டு அங்குலம் கூடுதல் நலம்

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா நலம். நான் இரண்டு அங்குலம் கூடுதல் நலம்.

நீ வற்புறுத்திச் சேர்த்துவிட்ட பெரியவர்கள் உடற்பயிற்சி வகுப்பில் நடந்ததைக் கேட்டால் துள்ளிக் குதிப்பாய். மூன்று மாதத்தில் முன்னேற்றம் காட்டாவிட்டால் வகுப்பு நடக்கும் கூடத்தை ஸ்கூட்டர் நிறுத்த விட்டுவிடுவேன் என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு முகமே செத்துப்போயிற்று. முப்பது வருடம் ஆபீசில் பதிவேடு எழுதியவன் சும்மா இருப்பேனா? பன்னிரண்டு பேரின் இடுப்பளவு, நடந்த சுற்று, மூச்சு வாங்கிய நேரம் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு, சிவப்பு மையில் கோடு இழுத்து, மேசை நாற்காலியோடு உட்கார்ந்துவிட்டேன். குனிந்து நிமிர எனக்கு ஏது நேரம்? கடைசியாக அளவெடுக்கும் நாளன்று பார்த்து அந்தப் பெண்ணின் அளவு நாடாவைக் காணோம். நானே வீட்டுக்கு ஓடி (மூன்று மாதத்தில் நான் செய்த ஒரே பயிற்சி இதுதான்) உன் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த நாடாவை எடுத்து வந்தேன். அளந்து பார்த்தால், அடேயப்பா, தலைக்கு மூன்றரை அங்குலம் குறைவு! ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், "இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க சார், காது குளிரக் கேட்டுக்கறேன்" என்கிறார். தலைவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, கூடம் எங்களுக்கே என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். நாற்காலியை விட்டு எழாத எனக்கே இரண்டு அங்குலம் போயிருக்கிறது. பொறுப்பு என்பது ஆளை எப்படி உருக்குகிறது பார்! ஆகவே, வரும்போது எனக்கு முப்பத்தாறு அளவில் இரண்டு பேன்ட் வாங்கி வா.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. இருவரும் இடுப்புப் பிடிப்பில்லாமல் நீடூழி வாழ்க.

அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது உன் அம்மா வந்து, "ஐயய்யோ, அந்த நாடாவையா எடுத்துட்டுப் போனீங்க? ஆறு மாசமா மெத்தையைச் சுருட்டி அதாலதானே இழுத்துக் கட்டி வச்சிருந்தேன், நல்லா நீண்டுபோச்சே!" என்றாள். நீண்ட நாடா அளவைக் குறைத்தல்லவா காட்டும்! புது நாடா வாங்கி மறுபடி அளந்தேன். மற்றவர்களுக்குக் குறைந்தது வெறும் அரை அங்குலம். எனக்கு ஒரு அங்குலம் ஏற்றம். தலைவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். போஸ்ட்மாஸ்டர் குறுக்கே புகுந்து, "நாடா பொய் சொல்லட்டும் சார். நான் மூணு மாடி நிக்காம ஏறி வந்தேனே, அதுவும் பொய்யா?" என்று கேட்டார். தலைவர் கையெழுத்தை அடிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: நாளை முதல் எனக்கு நாற்காலி கிடையாது. பேன்ட் முப்பத்தொன்பது அளவில் இருக்கட்டும்.