தோட்டத்துக்கே ஒரு பெரியப்பா

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இதைவிட ஆபத்தான நிலைமை ஒருவருக்கு வேறில்லை. கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், லோரி ஓட்டும் அப்பாவுக்கும் பள்ளிக் கேண்டீனில் சமைக்கும் அம்மாவுக்கும் பிறந்து, பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். (இதை நான் சொல்லாவிட்டாலும் அப்பா சொல்லிவிடுவார். தஞ்சோங் காராங்கில் மீன் வாங்கும்போது மீன்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். மீன் விலை குறையவில்லை.)

படிப்பு முடிந்ததும் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் தற்காலிக வேலை கிடைத்தது. காது கேளாமை பற்றிய மருத்துவத் தகவல்களை ஒழுங்குபடுத்தும் வேலை. ஒரு மருத்துவமனையில் 'காது மந்தம்' என்று எழுதியிருப்பார்கள். இன்னொன்றில் 'நரம்புக் கோளாறு'. மூன்றாவதில் ஒன்றுமே எழுதாமல் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருப்பார்கள். பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இவற்றையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டுமானால், பிறவியா, நோயா, இரைச்சலா, குடும்ப வழியா என்று எல்லாரும் ஒரே பாகுபாட்டில் பதிய வேண்டும். எந்தத் தகவல் எந்தப் பெட்டிக்குள் போகும் என்று முடிவு செய்வதுதான் எங்கள் பிழைப்பு.

'குடும்ப வழி' என் கைக்கு வந்தது. திறந்து பார்த்தால் 'அங்கிள்' என்று ஒரே ஒரு பெட்டி. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் குழுத் தலைவி டாக்டர் சுலைக்காவிடம் போய், "அப்பாவின் அண்ணன் வேறு, அப்பாவின் தம்பி வேறு, அம்மாவின் சகோதரர் வேறு. குறைபாடு எந்த வழியில் வருகிறது என்று பார்க்க இதெல்லாம் தனித்தனியாக வேண்டும். எங்கள் தமிழில் எல்லாவற்றுக்கும் தனிப் பெயர் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் முழங்கினேன். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்னும் உறவுகளை நானே கண்டுபிடித்தது போன்ற தோரணை.

"சரி, செய்து காட்டு. எல்லா நாடுகளும் சேரும் கூட்டத்தில் இதை ஏற்றுக்கொண்டால், உன் வேலையை நிரந்தரமாக்கக் கேட்கிறேன்" என்றார் டாக்டர்.

அன்று மாலையே நிரந்தரமாகிவிட்டதாக அப்பா தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

சக ஊழியர்கள் பத்தாங் காலி, கலும்பாங் என்று ஊர் ஊராகப் போய்த் தகவல் சேர்த்தார்கள். நான் சொந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டேன். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. வீடு வீடாக ஒரே கேள்வி: "ஒங்க குடும்பத்துல காது கேக்காதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஏன் இல்ல? நம்ம போய்லர் அண்ணன் இருக்காரே!"

எல்லா வீட்டிலும் இதே பதில். எண்ணெய் ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் போய்லர் அண்ணன். கல்யாணம் கட்டவில்லை. இளவயதில் எங்கிருந்தோ தனியாக வந்தவர். பெரியவர்களுக்கெல்லாம் அவர் அண்ணன், எங்கள் வயதுக்காரர்களுக்குப் பெரியப்பா. எந்த வீட்டுக் கல்யாணமானாலும் பன்னீர்ச் செம்போடு வாசலில் அவர்தான் நிற்பார். எந்த வீட்டுச் சாவிலும் முதல் தோள் அவருடையது. எங்கள் வீட்டில் அவருக்கென்று தனித் தட்டே உண்டு. அவர் எங்கள் குடும்பமா என்று கேட்டால், எங்கள் கூரை எங்களுடையதா என்று கேட்பது போல. அப்பா "அண்ணன்" என்றார், 'அண்ணன்' என்று பதிந்தேன். மறுநாள் அம்மா "அண்ணன்" என்றார், 'அண்ணன்' என்று பதிந்தேன். வெளியூர்க்காரி யாராவது வந்திருந்தால், "கூடப் பிறந்த அண்ணனா?" என்று கேட்டிருப்பாள். நான் உள்ளூர்க்காரி, அதுவும் படித்தவள்.

ஒரே ஆளை இரண்டு முறை எண்ணக் கூடாது என்பது விதி. ஆகவே பெரியப்பாவுக்கு ஏழு என்று ஒரே எண்ணைக் கொடுத்து, எல்லா வீட்டையும் அந்த ஏழோடு இணைத்தேன். திரையில் தோட்டத்துக் கோடுகளெல்லாம் அவரிடம் போய் முடிந்தன. பார்க்கக் கோலம் மாதிரி இருந்தது. நான் கோலத்தை மட்டும்தான் பார்த்தேன்.

வெளிநாட்டுப் பேராசிரியர் அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, 'மிக அரிய குடும்பம். இரத்த மாதிரி எடுக்க நானே நேரில் வர விரும்புகிறேன்' என்று மின்னஞ்சல் அனுப்பினார். அதை நான் பாராட்டுப் பத்திரமாக எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் இணையத்தில். அலுவலகத்தில் அமைதியான அறை இருந்தது. ஆனால் வெள்ளைக்காரர்களோடு நான் ஆங்கிலம் பேசுவதை வீட்டில் யாரும் பார்க்க முடியாதே! வீட்டிலிருந்தே சேர்ந்துகொண்டேன்.

"சத்தம் வராதல்லவா?" என்றார் டாக்டர்.

"ஊசி விழுந்தால்கூடக் கேட்கும், அவ்வளவு அமைதி, டாக்டர்."

அம்மா கேசரி கிண்டினார். பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார். சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு சரசக்காவும் இன்னும் சிலரும். கோலத்தைத் திரையில் விரித்து, இல்லாத ஓர் உச்சரிப்பை வரவழைத்துப் பேசி முடித்தேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மிக மென்மையாகக் கேட்டார்: "பன்னிரண்டாம் எண்ணின் பெற்றோர், உடன்பிறந்தவர்களா?"

அப்போதுதான் பார்த்தேன். பன்னிரண்டின் அப்பா, ஏழின் தம்பி. பன்னிரண்டின் அம்மா, ஏழின் தங்கை. இருவருக்கும் நடுவே கணினி தானாகவே ஒரு சிவப்புக் கோட்டைப் போட்டு, 'நெருங்கிய இரத்த உறவில் திருமணம்' என்று எழுதியிருந்தது.

பன்னிரண்டாம் எண், நான்.

"என்னம்மா கேக்குறாங்க?" என்றார் அப்பா, பெருமை மாறாத முகத்தோடு.

பொய் சொல்லியிருக்கலாம். மூளை வேலை செய்யவில்லை. "நீங்களும் அம்மாவும் கூடப் பொறந்தவங்களான்னு கேக்குறாங்கப்பா."

அடுப்படியில் கரண்டி நின்றது.

"என்னா? என்னா சொல்றாங்க?" என்றார் பெரியப்பா.

அப்பா பழக்க தோஷத்தில் அவர் காதருகே குனிந்து, லோரி இன்ஜினை மிஞ்சும் குரலில் கத்தினார்: "நானும் இவளும் அண்ணன் தங்கச்சியாம்ண்ணே!"

மைக் திறந்திருந்தது.

"அய்யய்யோ! எங்க வீட்டுக்காரரும்தானே அவர அண்ணன்னு கூப்புடுறாரு, நானும்தானே கூப்புடுறேன்," என்று சன்னலில் சரசக்கா. "அப்ப நாங்க?"

"நீங்களும்தான்க்கா."

"நாசமா போச்சி லா!"

திரையில் ஏழெட்டு நாட்டுக்காரர்கள் அசையாமல் இருந்தார்கள். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஒரு கணம் ஆசையோடு நினைத்தேன். இல்லை, டாக்டரின் குரல் வந்தது: "இந்த ஏழாம் எண், இரத்த உறவாக உண்மையில் யாருக்கு என்ன வேண்டும்?"

நான் கேட்க, அப்பா கத்த, பெரியப்பா யோசித்தார். அப்பாவைக் காட்டினார், அடுப்படியைக் காட்டினார், சன்னலைக் காட்டினார். "இவங்கதான், வேற யாரு?"

"யாருக்கும் இல்லை, டாக்டர்" என்றேன்.

"அப்படியானால் கோடுகளை நீக்கிவிடு."

எல்லார் கண்முன்னும் நீக்க ஆரம்பித்தேன். சரசக்கா வீட்டுக் கோடு போனது. எதிர்வீட்டுக் கோடு போனது. கடைசியாக எங்கள் வீட்டுக் கோடும் போனதும், ஏழாம் எண் திரையின் ஓரத்தில் ஒரு வட்டமாகத் தனியே நின்றது.

பெரியப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எண் தெரியும்; ஏழு அவர்தான் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். "என்னா பாப்பா," என்றார் சிரித்துக்கொண்டே, "என்னய மட்டும் தனியா நிக்க வெச்சிட்ட?"

அவர் சிரித்தார். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அம்மா அடுப்படி வாசலுக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நிரந்தர வேலை போனது போனதுதான், இந்தப் பார்வையோடு இதே வீட்டில் சாப்பிட முடியாது. நீக்கிய கோடுகளையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன்.

"மன்னிக்கவும். இவற்றை நீக்க வேண்டாம், புள்ளிக்கோடாக மாற்றலாம். இரத்தத்தால் அல்ல, வழக்கத்தால் உறவு. மரபுக் கணக்கு அதைத் தொடக் கூடாது."

"அதனால் ஆராய்ச்சிக்கு என்ன பயன்?" என்றார் பேராசிரியர். நியாயமான கேள்விதான்.

"இவரோடு புள்ளிக்கோட்டில் இருக்கும் ஆண்களில் பலர் அதே ஆலையில் வேலை செய்தவர்கள். ஒரே இரைச்சல். அவர்களுக்கும் காது மந்தமானால், இரத்தத்தில் தேடாமல் இரைச்சலில் தேடலாம்." பாதி ஆராய்ச்சி, பாதி அம்மாவின் மீதுள்ள பயம்.

பிறகு பேராசிரியர், "எங்கள் ஊரிலும் இப்படி ஓர் அத்தை உண்டு" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார்.

புள்ளிக்கோடு பொதுப் பாகுபாட்டில் சேர்ந்தது. பெரியப்பா 'குடும்ப வழி'யிலிருந்து 'இரைச்சல்' பெட்டிக்கு மாறினார். பேராசிரியரின் பயணம் ரத்தானது. என் வேலையும் நிரந்தரமானது, டாக்டர் என்னை ஒழுங்காகக் கேள்வி கேட்கப் பழக்கி முடித்த பிறகு.

வீட்டில் இதெல்லாம் யாருக்கும் நினைவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தால் அப்பாவை, "அண்ணே, உப்பு வாங்கிட்டு வாங்கண்ணே" என்பார். கல்யாண நாளன்று சரசக்கா, "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் வாழ்த்து" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

போன மாதம் ரவாங்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காப்பி குடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா, "எங்க அத்த ஒருத்தவங்க இந்தத் தோட்டத்துலதான் இருந்தாங்க. பாத்தா நாம சொந்தமாத்தான் இருப்போம்போல" என்றார் ஆசையாக.

அப்பா முகத்தில் சிரிப்பே இல்லாமல் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, கோடா, புள்ளிக்கோடான்னு கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்து சொல்லு லா."

"என்னா? என்னா சொல்றாங்க?" என்றார் பெரியப்பா.

அப்பா அவர் காதருகே குனிவதற்குள், நான் ஓடிப்போய்ச் சன்னலைச் சாத்தினேன்.