நாற்பது நிமிடச் சும்மா

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது.

பொருள்: தங்கள் கையேட்டின் ஏழாம் பக்கத்திலுள்ள ஒரு சொல்லுக்கு விளக்கம் கோருதல்.

இங்கே நான், தங்கள் தங்கை, தங்கள் மருமகள் மூவரும் நலம், என்னுடைய இடது முழங்கால் நீங்கலாக. அது பின்னால் வரும். தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், பிள்ளைகள் கெட்டுப்போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறீர்களாம். பேசுங்கள், நல்ல காரியம். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு 'இளைஞர் நலனும் குற்றத் தடுப்பும்' என்று தாங்கள் எழுதிய கையேட்டை அனுப்பியிருந்தீர்கள். அதில் ஏழாம் பக்கத்தில், "இளம் வயதினர் சும்மா இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்தானது" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். என் சுபாவம் தங்களுக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைத்தவன். எதையும் அளக்காமல் நம்பமாட்டேன். அதனால் ஸ்கேலும் பென்சிலும் எடுத்து, பதினாறு வயது மகள் வாரத்தில் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறாள் என்று கட்டம் போட்டுப் பார்த்தேன். இருபத்தொன்பது மணி நேரம் வந்தது. எனக்குப் பகீரென்றது. மறுநாளே எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளியிருக்கிற இளைஞர் மையத்தில் சேர்த்துவிட்டேன். திங்கள், வியாழன் பூப்பந்து, செவ்வாய் தாள வாத்தியம், புதன் முதலுதவி, வெள்ளி சதுரங்கம், சனி நாடகம், ஞாயிறு நீச்சல். கட்டத்தை மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "நீச்சலைக் குளியல் கணக்குல சேர்த்துக்கலாமாப்பா? வேற நேரமே இல்லையே" என்றாள். தங்கள் தங்கையோ, "புள்ளை என்ன தப்பு பண்ணிட்டா?" என்று கேட்டாள். "ஒண்ணும் பண்ணலை. பண்ணாம இருக்கத்தான் இதெல்லாம்" என்றேன். "பண்ணாம இருக்கிறவளை எதுக்குங்க தடுக்கணும்?" என்றாள். கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை புரட்டினேன். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அடுத்த பதிப்பில் சேர்த்தால் நல்லது.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம்தான் கவனித்தேன். மையத்தில் வகுப்பு முடிவது ஐந்தரைக்கு, மகள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது ஆறு இருபத்திரண்டுக்கு. மொத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம். நானே மூன்று தடவை நடந்து பார்த்தேன், வேகமாக ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை, சுவரொட்டிகளைப் படித்துக்கொண்டே ஒரு தடவை. சராசரி பன்னிரண்டு நிமிடம். அப்படியென்றால் மீதி நாற்பது நிமிடம் எங்கே போகிறது? "வகுப்பு முடிஞ்சு என்னம்மா பண்றே?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "சும்மாதான்பா" என்றாள். மச்சான், ஏழாம் பக்கமே எழுந்து வந்து என் முன்னால் நின்ற மாதிரி இருந்தது. எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் கைவிட்டுப் போய்விட்டால் நான் இருபத்தெட்டு வருஷம் அளந்ததெல்லாம் எதற்கு?

பின்தொடர்ந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். முதல் நாள், பக்கத்து வீட்டு சைக்கிளைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் போனேன். போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, "இந்த வயசுல எங்க சார் இவ்வளவு அவசரமா?" என்று முக்கால் மணி நேரம் அறிவுரை சொன்னார். நாற்பது நிமிடம் அதிலேயே கரைந்தது. இரண்டாம் நாள், மையத்துக்குப் பின்னாலிருக்கும் மாடி வீட்டிலிருந்து பார்க்கலாமென்று, தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவன் என்று சொல்லி உள்ளே நுழைந்தேன். அந்த வீட்டம்மா, "நீங்க வருவீங்கன்னு மூணு மாசமா காத்துக்கிட்டிருக்கேன்" என்று சந்தோஷப்பட்டு நேராகக் குளியலறைக்குக் கூட்டிப்போய், சொட்டுகிற குழாயைக் காட்டினார். வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள், மையத்தின் பின்சுவரை ஒட்டி நின்ற சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன்.

பின்கட்டுப் படிக்கட்டில் மகளும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான். கையில் எதுவும் இல்லை. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். 5.41: ஒருத்தி ஏதோ சொல்கிறாள். 5.42: மூவரும் சிரிப்பு. 5.47: மகள் கால் விரலால் ஒரு கல்லைத் தள்ளுகிறாள். 5.50: இன்னொருத்தி அந்தக் கல்லைத் திருப்பித் தள்ளுகிறாள். 5.58: யாரும் எதுவும் சொல்லாமலே மறுபடி சிரிப்பு. மச்சான், இந்த 5.58 தான் என்னைக் கெடுத்தது. எதற்குச் சிரிக்கிறார்கள்? வீட்டில் மகள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. காதைக் கொஞ்சம் நீட்டினேன். தொட்டி நகர்ந்துவிட்டது. நான் சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தேன்.

மையத்துக் காவலாளி "திருடன், திருடன்" என்று கத்தினார். பூப்பந்துக்காரர்கள் மட்டையோடு ஓடிவந்தார்கள். "ஐயோ, எங்கப்பா!" என்று மகள்தான் குறுக்கே விழுந்து தடுத்தாள். புதன்கிழமை படித்ததெல்லாம் அன்றைக்கு உதவியது. முழங்காலைக் கழுவி, பஞ்சு வைத்து, எவ்வளவு அழகாகக் கட்டுப் போட்டாள் தெரியுமா? கட்டி முடித்து, பக்கத்தில் விழுந்து கிடந்த குறிப்பேட்டை எடுத்துப் படித்தாள். நிமிர்ந்து பார்த்து, "என்கிட்ட என்னப்பா தேடுறீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காவலாளி விடவில்லை, காவல் நிலையம் வரை போக வேண்டியதாயிற்று. மகளும் கூடவே வந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் தங்கமான மனுஷன். "எதுக்கு சார் சுவர் ஏறினீங்க?" என்றார். பெற்ற பெண்ணைச் சந்தேகப்பட்டு என்று அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? என்னையறியாமல், "சும்மாதான் சார்" என்று வாயில் வந்துவிட்டது. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு மேஜை டிராயரைத் திறந்து ஒரு புத்தகத்தை வெளியே எடுத்தார். தங்கள் கையேடு! தங்களிடம் பயிற்சி எடுத்தவராம். ஏழாம் பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். "சின்னவங்களுக்குன்னுதான் போட்டிருக்கு. ஆனா உங்களுக்கும் பொருந்தும் சார். ரிட்டயர் ஆனதுலேர்ந்து என்ன பண்றீங்க?" என்றார். வழக்குப் போடாமல் விட ஒரே நிபந்தனை, ஆறு மாதம் நானும் தினமும் அந்த மையத்துக்குப் போக வேண்டும். முழங்கால் வலியால் என்னால் குனிந்து எழுத முடியவில்லை. சேர்க்கை விண்ணப்பத்தை மகளே நிரப்பினாள். 'பொழுதுபோக்கு' என்ற இடத்தில், 'என்னைப் பார்ப்பது' என்று எழுதியிருந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து அந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி என் பெயரையும் மகள் பெயரையும் மையத்திலிருந்து நீக்கித் தர வேண்டும். கையேட்டிலும் 'சும்மா' என்பது எது, எவ்வளவு வரை இருக்கலாம் என்று தெளிவாகப் போட வேண்டும். எங்கள் இலாகாவில் ஒரு கிலோ என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கல் இருக்கும். இதற்கு எந்தக் கல்லை வைத்துப் பார்ப்பது?

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி, அவர்களைக் கொஞ்சம் உட்காரவும் விடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலில் சேராமல் மூன்று வாரமாகச் சட்டைப்பையிலேயே கிடந்துவிட்டது. மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். சப்-இன்ஸ்பெக்டரிடமும் பேச வேண்டாம். செவ்வாய்க்கிழமை தாளத்தில் எனக்குக் கை நன்றாக வருகிறதாம். வகுப்பு முடிந்ததும் அந்தப் படிக்கட்டில் உட்கார எனக்கும் அனுமதி கிடைத்தது. முதல் வாரம் பத்து நிமிடம், சோதனை அடிப்படையில். இப்போது முழு நாற்பதும். 5.58-க்கு எதற்குச் சிரித்தார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. எழுதலாமென்று பார்த்தால் எழுதுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் நானும் சிரித்தேன், மகளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நேற்று நாங்கள் வீடு திரும்பும்போது தங்கள் தங்கை வாசலிலேயே நின்றுகொண்டு, "அப்பாவும் பொண்ணும் இவ்வளவு நேரம் எங்க போனீங்க?" என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் "சும்மாதான்" என்றோம். இன்று காலையிலிருந்து என் ஸ்கேலைக் காணவில்லை. கையேடு சமையலறையில் ஏழாம் பக்கத்தில் விரிந்து கிடந்தது. இதைப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மணி ஐந்து ஐம்பது. சுவருக்கு அந்தப் பக்கம் குப்பைத் தொட்டியை யாரோ உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்கிறது. மகள் பஞ்சு எடுக்கப் போயிருக்கிறாள்.